வலத்தடம் யாருக்குச் சொந்தம்?

தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ‘முறை’ என்ற சொல்லின் பொருளை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கன்னடியன் கால்வாயிலோ, கோடகன் கால்வாயிலோ, மேலப்பாளையத்தின் ஊடே ஓடும் பாளையங்கால்வாயிலோ தண்ணீர் வந்துவிட்டால், தலைமடைக்காரர் தம் வயல் நனைந்ததும் மடையை அடைத்துக் கடைமடைக்கு வழிவிட வேண்டும். தம் பங்கு முடிந்த பிறகும் மடையைத் திறந்தே வைத்திருப்பவரை ஊர் எளிதில் மன்னிப்பதில்லை. தண்ணீரில் இத்துணை நுட்பமாக நியாயம் பார்க்கும் நாமே, தார்ச்சாலையில் ஏறியதும் அந்த நியாயத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்களைப்போல் நடந்துகொள்கிறோம். நான்குவழிச் சாலையின் வலப்பக்கத் தடத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் வருவோரைப் பற்றிய கவலையின்றிப் போய்க்கொண்டிருக்கும் வண்டிக்காரர், தம் பங்கு முடிந்தும் மடையை அடைக்காத தலைமடைக்காரரேயன்றி வேறல்லர்.

நம் மாவட்டத்தின் ஊடாகச் செல்லும் பெருஞ்சாலை காஷ்மீரத்து ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிவது. நெடுங்காலம் 7 என்ற எண்ணால் அறியப்பட்ட இச்சாலைக்கு 2010இல் செய்யப்பட்ட எண் மாற்றத்தின்போது 44 என்ற எண் கிடைத்தது. பெரியவர்கள் பலர் இன்றும் ‘ஏழாம் நம்பர் ரோடு’ என்றே சொல்கிறார்கள். கயத்தாறு, கங்கைகொண்டான், தாழையூத்து எனத் தெற்கு நோக்கி வந்து, நகருக்குள் நுழையாமல் தாமிரபரணியைக் கடந்து, கே.டி.சி. நகரைத் தொட்டு, ரெட்டியார்பட்டி மலையைப் பிளந்துகொண்டு, பொன்னாக்குடி, மூன்றடைப்பு, நாங்குநேரி, வள்ளியூர் வழியாகக் காவல்கிணற்றை அடைகிறது. கே.டி.சி. நகரில் பிரியும் 138ஆம் எண் சாலை வல்லநாடு, வாகைக்குளம் வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிறது. ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் பழைய சாலையும் அண்மை ஆண்டுகளில் நான்குவழியாக அகலப்படுத்தப்பட்டது. கடையநல்லூரிலோ ஏர்வாடியிலோ மேலப்பாளையத்திலோ வாழும் எந்தக் குடும்பமும் மருத்துவமனைக்கோ, திருமணத்துக்கோ, விமான நிலையத்துக்கோ புறப்பட்டால் இம்மூன்றில் ஒன்றில் ஏறியே ஆகவேண்டும்.

சாலை அகன்றது. ஆனால், அகன்ற சாலையில் எப்படிப் போவது என்பதை நமக்கு யாரும் முறையாகச் சொல்லித் தரவில்லை. ஓட்டுநர் உரிமம் பெறும் நாளில் ‘எட்டு’ போட்டுக் காட்டுகிறோம். வண்டியைப் பின்னால் எடுத்துக் காட்டுகிறோம். தடம் என்றால் என்ன, எந்தத் தடத்தில் எப்போது இருக்கவேண்டும் என்று அந்த மைதானத்தில் யாரும் கேட்பதில்லை.

விதி மிக எளிமையானது. நம் நாட்டில் இடப்பக்கம் செல்வது வழக்கம். ஆகவே ஒரு திசையில் இரண்டு தடங்கள் இருந்தால், இடத்தடம் செல்வதற்கு; வலத்தடம் முந்துவதற்கு. முந்தி முடிந்ததும் மீண்டும் இடத்தடத்துக்கு வந்துவிட வேண்டும். வலத்தடம் ‘வேகமாகச் செல்வோரின் தடம்’ என்று பலரும் கருதுகின்றனர். அது முழு உண்மையன்று. அங்கே யாருக்கும் நிலையான இடம் கிடையாது. காராயினும் லாரியாயினும் அது இரவல் வாங்கும் தடம். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டிய தடம்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 118ஆம் பிரிவு, வண்டி ஓட்டுவோருக்கான நெறிமுறைகளை வகுக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதன்கீழ் 1989இல் வந்த சாலை விதிகளுக்கு மாற்றாக 2017இல் புதிய நெறிமுறைகள் வெளியாயின. தடம் குறிக்கப்பட்ட சாலையில் தடத்துக்குள் செல்லவேண்டும், சைகை காட்டிய பின்னரே தடம் மாறவேண்டும் என்பன அவற்றில் உள்ளவை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 177ஏ என்ற பிரிவைச் சேர்த்து, இந்நெறிமுறைகளை மீறுவோருக்கு 500 முதல் 1000 ரூபாய் வரை அபராதம் விதித்தது. சட்டம் இருக்கிறது, சுங்கச்சாவடி தவறாமல் இருக்கிறது, இரண்டுக்கும் இடையே உள்ள நீண்ட தூரத்தில் நம் மனச்சாட்சியைத் தவிர வேறு காவலர் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஒரு லாரி ஓட்டுநரின் நியாயம்

மூன்றடைப்புக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில், சங்ககிரிப் பக்கத்திலிருந்து சரக்கு ஏற்றி வந்த லாரி ஓட்டுநர் ஒருவருடன் பேச நேர்ந்தது. ஐம்பதைத் தாண்டியவர்; முப்பது ஆண்டுகளாக ஸ்டியரிங் பிடிப்பவர். “அண்ணாச்சி, கோபித்துக்கொள்ளக் கூடாது. லாரிக்காரர்கள் எல்லாரும் ஏன் வலப்பக்கமே போகிறீர்கள்?” என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“லெஃப்ட்ல போகணும்னுதான் பாய் எனக்கும் ஆசை. போக விடுறாங்களா? கால் கிலோமீட்டர் போறதுக்குள்ள ஒரு பைக் எதிர்ல வருது. அதைத் தாண்டினா ஒரு வண்டி பஞ்சர்னு நிக்குது. அப்புறம் ஆட்டு மந்தை, அப்புறம் டிராக்டர். முப்பது டன்னை வச்சிக்கிட்டு ஒவ்வொண்ணுக்கும் ரைட்ல ஏறி லெஃப்ட்ல இறங்கினா கியரும் தாங்காது, நானும் தாங்க மாட்டேன். ரைட்ல போனா எதிர்ல யாரும் வரமாட்டாங்க. அவ்வளவுதான் பாய்.”

இது முழு நியாயமன்று. பின்னால் ஹாரன் அடிப்பவருக்கும், முகப்பு விளக்கை மின்னவிட்டுக் காட்டுபவருக்கும் பத்து நிமிடம் வழிவிடாமல் போவதற்கு இந்த விளக்கம் போதாது. எனினும் அவருடைய பேச்சில் இருந்த உண்மை என்னைச் சிந்திக்க வைத்தது. வலத்தடத்தை லாரி பிடித்துக்கொண்டது என்று நாம் முறையிடுகிறோம். அதற்கு முன்பே லாரியின் இடத்தடத்தை யார் பிடித்துக்கொண்டார்கள்?

நாம்தாம் பிடித்துக்கொண்டோம். நடுத்திட்டின் திறப்போ சுரங்கப்பாதையோ ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதென்று, எதிர்த்திசையில் பைக்கைச் செலுத்துபவர் நம் ஊர்க்காரர். “இந்தா, அந்தப் பெட்டிக்கடை வரைக்கும்தானே” என்பது அவர் சொல்லும் காரணம். பின்னால் மனைவி, முன்னால் பெட்ரோல் டேங்கின்மேல் குழந்தை. எதிரே வரும் கார் மணிக்கு 90 கிலோமீட்டரிலும், இவர் 40 கிலோமீட்டரிலும் வந்தால், இருவருக்கும் இடையே உள்ள தூரம் நொடிக்கு 36 மீட்டர் வீதம் குறைகிறது. நூறு மீட்டர் தொலைவில் ஒருவரையொருவர் கண்டால், முடிவெடுக்க மூன்று நொடிக்கும் குறைவான நேரமே உண்டு. பெட்டிக்கடையில் அவர் வாங்கப்போனது என்னவாக இருந்தாலும் அந்த விலைக்குத் தகாது.

சாலையோரத்தில் தானியம் காயப்போடும் வழக்கமும் அப்படித்தான். கயத்தாற்றுக் கரிசலில் மக்காச்சோளமும் உளுந்தும், ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் அறுவடைக் காலத்தில் சாலைக்கு வந்துவிடுகின்றன. களமில்லாத விவசாயியின் துன்பம் உண்மையானது. அதை எள்ளி நகையாட இங்கே யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் தானியத்தைச் சுற்றி வரம்பாக வைத்த கற்களை, மாலையில் மூட்டை கட்டியதும் அப்படியே விட்டுவிட்டுப் போவதை என்னென்று சொல்வது? இரவில் விளக்கில்லாத நெடுஞ்சாலையில் ஒரு செங்கல் அளவுக் கல் போதும், ஒரு பைக் சறுக்கி விழ. பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது நற்செயல் என்று மக்தபில் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். வைத்தவரே அகற்றிவிட்டால் அப்பிள்ளைகளுக்கு வேலை குறையும்.

நிற்கும் வண்டிகளின் கதை இதைவிடக் கொடியது. மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, அவ்வாண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்து 1,68,491 பேர் இறந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்குடன் தமிழ்நாடே முதலிடத்தில் இருந்தது. இறந்தோரில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். விபத்துகளை மோதிய விதத்தால் வகைப்படுத்தியபோது, பின்னாலிருந்து மோதியவையே எல்லாவற்றிலும் மிகுதி. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். முன்செல்லும் வண்டியோடு ஒட்டிப்போவதும், இருட்டில் விளக்கின்றி நிறுத்தப்பட்ட வண்டியும் இத்தகைய மோதலுக்கு வழிவகுக்கும் இரு பெருங்காரணங்கள். இடத்தடத்தில் சிவப்பு விளக்கோ முக்கோணப் பலகையோ இல்லாமல் ஒரு லாரி நின்றால், அதிகாலை மூன்று மணிக்கு அந்தத் தடத்தில் ஒழுங்காக வருபவருக்கே ஆபத்து. விதியைப் பின்பற்றியவர் தண்டிக்கப்படும் சாலையில் விதி எப்படி நிலைக்கும்?

சங்கிலி இப்படித்தான் கோக்கப்படுகிறது. பைக்காரர் இரண்டு கிலோமீட்டர் மிச்சம் பிடிக்கிறார். லாரிக்காரர் வலத்தடத்துக்கு ஏறுகிறார். பின்னால் வந்த கார்க்காரர் பொறுமையிழந்து இடத்தடத்தின் வழியாக முந்துகிறார். அந்த நேரத்தில் அங்கே அடுத்த பைக் எதிரே வருகிறது.

தொண்ணூறு நொடி

இரண்டு லாரிகள் இரு தடங்களிலும் தோளோடு தோள் உரசியபடி போவதையும், பின்னால் இருபது வண்டிகள் காத்திருப்பதையும் நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஜெர்மானியர் இதற்கு ‘யானைப் பந்தயம்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள், பொருத்தமான பெயர்தான். சிறிது கணக்குப் பார்ப்போம். முன்னே செல்லும் லாரி 60 கிலோமீட்டரிலும், முந்தும் லாரி 62 கிலோமீட்டரிலும் செல்கின்றன. வேற்றுமை வெறும் 2 கிலோமீட்டர். அதாவது நொடிக்கு 55 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஒரு முழம். பின்னிருந்து புறப்பட்டு முன்னே பாதுகாப்பாக இறங்க, சுமார் 50 மீட்டர் கூடுதலாகக் கடக்க வேண்டும். அதற்குத் தொண்ணூறு நொடி ஆகும். அத்தொண்ணூறு நொடியில் இரண்டு லாரிகளும் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தைக் கடந்திருக்கும். அவர் பெற்ற லாபம் என்ன? அடுத்த சுங்கச்சாவடியில் ஒரு வண்டி முன்னால் நிற்பது.

ஆகவே முந்துவதற்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா, முந்த முடியுமா என்பதன்று. விரைவில் முந்தி முடித்து இடத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்பதே. முடியாதெனில் பின்னாலேயே போகலாம். காற்றாலை இறக்கைகளை ஏற்றிக்கொண்டு கயத்தாற்றுக்கும் முப்பந்தலுக்கும் செல்லும் நீண்ட வண்டிகளை நம் சாலையில் அடிக்கடி காண்கிறோம். ஒற்றை இறக்கை 50 மீட்டரையும் தாண்டும். அத்தகைய வண்டிக்குப் பின்னால் பொறுமையாகச் செல்வதில் எந்த மானக்குறைவும் இல்லை.

இடைவெளியைப் பற்றியும் சொல்லவேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. முன்வண்டி பிரேக் பிடித்ததைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கால் அழுத்துவதற்குள் ஒரு நொடி கழிந்துவிடும். அதன்பின் நல்ல டயரும் காய்ந்த சாலையும் இருந்தால்கூட, கார் நிற்க மேலும் 35 மீட்டர் வேண்டும். சுமையேற்றிய லாரிக்கு இன்னும் கூடுதல். ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாருக்கும் கூடுதல். முன்வண்டி ஒரு மைல்கல்லையோ பாலத்தின் கைப்பிடிச் சுவரையோ கடக்கும்போது எண்ணத் தொடங்கி, நாம் அவ்விடத்தை அடைய மூன்று நொடியாவது ஆகவேண்டும் என்பது உலகெங்கும் ஓட்டுநர்களுக்குச் சொல்லப்படும் அளவு. கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நிதானமாக ஒருமுறை ‘சுப்ஹானல்லாஹ்’ என்று சொல்லக் கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும். மூன்றுமுறை சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கல் வந்துவிட்டால், நாம் மிக நெருங்கிப் போகிறோம்.

அங்கே முடிகிறதே

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் நம் சகோதரர்கள் இச்சாலையைக் கண்டு சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். “துபாயில் இப்படி ஒருத்தன் போவானா?” என்பார்கள். போகமாட்டான், உண்மைதான். ஐக்கிய அரபு அமீரகத்தில் முன்வண்டியோடு ஒட்டிச் செல்வதற்கு 400 திர்ஹம் அபராதமும் 4 கரும்புள்ளிகளும் உண்டு. சிங்கப்பூரின் விரைவுச் சாலைகளில், முந்தும் தேவையின்றி வலத்தடத்திலேயே தங்கியிருப்பது குற்றம். இங்கிலாந்தில் நடுத்தடத்தைப் பிடித்துக்கொண்டு விடாதிருப்போருக்கு, 2013 முதல் போலீசார் அந்த இடத்திலேயே 100 பவுன் அபராதம் எழுதுகிறார்கள். கடையநல்லூர்க்காரர்கள் மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூரில் வாழ்பவர்கள். அவர்களுடைய முஸ்லிம் லீக் அங்கே 1941இல் தோன்றியது. அங்கே பழகிய ஒழுங்கு இங்கே வந்ததும் ஏன் கழன்றுவிடுகிறது?

அபராதத்துக்கு அஞ்சுவதால் மட்டுமே அங்கே ஒழுங்கு நிலவுகிறது என்று சொல்வது அரைகுறை விடை. அங்குள்ள விரைவுச் சாலை அமைக்கப்பட்ட விதமே வேறு. மனிதர் நடந்து குறுக்கே வரமுடியாது. கடைகள் சாலையைப் பார்த்துத் திறந்திருப்பதில்லை. ஏறவும் இறங்கவும் குறிப்பிட்ட வாயில்களே உண்டு. பழுதான வண்டி ஒதுங்கத் தனி ஓரம் உண்டு. நம் நாட்டிலும் அத்தகைய சாலைகள் வரத்தொடங்கிவிட்டன. பெங்களூர் - மைசூர் விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்டு முதல் பைக், ஆட்டோ, டிராக்டர் ஆகியவற்றைத் தடைசெய்தார்கள். நம்முடைய 44ஆம் எண் சாலையில் அப்படிச் செய்ய இயலாது. பொன்னாக்குடிக்காரருக்கும் மூன்றடைப்புக்காரருக்கும் சந்தைக்குப் போகவும் பள்ளிக்கூடம் போகவும் இருக்கும் சாலை அதுவே. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நோக்கி நடந்து செல்லும் பக்தர்களும் நம் மாவட்டச் சாலைகளின் ஓரத்தில்தான் நடக்கிறார்கள். விரைவுச் சாலையின் வேகமும் கிராமத் தெருவின் பழக்கங்களும் ஒரே தாரின்மேல் சந்திக்கும் இடம் இது. அதனால்தான் சிங்கப்பூரைவிட இங்கே விட்டுக்கொடுத்தல் அதிகமாகத் தேவைப்படுகிறது. அங்கே சாலையே பாதி ஒழுங்கைச் செய்துவிடுகிறது; இங்கே முழுவதையும் மனிதரே செய்தாக வேண்டும்.

வளைகுடாச் சகோதரர்கள் நினைவில் வைக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. அங்கே செல்வது வலப்பக்கம்; முந்துவது இடத்தடத்தில். இங்கே எல்லாம் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் மாறிவிடும். பத்து ஆண்டுக் கைப்பழக்கம் ஒரே இரவில் போய்விடாது. ஊருக்கு வந்த மறுநாளே நண்பரின் காரை வாங்கிக்கொண்டு குற்றாலம் புறப்படாமல், இரண்டு மூன்று நாள் ஊருக்குள் ஓட்டிப் பழகுவது நலம்.

விமான நிலையத்துக்குப் போகும் வேன்

நம் வீடுகளில் நடக்கும் பயணங்களுள் மிகவும் மகிழ்ச்சியானதும், மிகவும் அஞ்சத்தக்கதும் இதுவே. வாப்பா மூன்று ஆண்டுக்குப்பின் வருகிறார். திருவனந்தபுரத்தில் விமானம் அதிகாலை நான்கு மணிக்கு இறங்குகிறது. உம்மா, பிள்ளைகள், மாமி, மச்சான், பக்கத்து வீட்டுப் பெரியம்மா எனப் பத்துப்பேர் இரவு பத்து மணிக்கு வேனில் ஏறுகிறார்கள். ஏறத்தாழ 150 கிலோமீட்டர் பயணம். காவல்கிணறுவரை நான்குவழிச் சாலை. அதன்பின் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை எனச் சாலை குறுகிக்கொண்டே போகும். நான்குவழியில் பழகிய வேகம் குறுகிய சாலையிலும் காலில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்த வேனை ஓட்டுபவரை நினைத்துப்பாருங்கள். பகலெல்லாம் பள்ளிக்கூட நடை ஓட்டியிருப்பார். இரவு நம்மைக் கொண்டுபோய் இறக்குவார். விமானம் இரண்டு மணி நேரம் தாமதம் என்பார்கள். நாம் உள்ளே காத்திருப்போம். அவர் கொசுக்கடியில் ஸ்டியரிங்மேல் தலைசாய்த்திருப்பார். வாப்பா வந்ததும் கண்ணீரும் சிரிப்புமாகப் பெட்டிகளை ஏற்றிவிட்டு, “ஊருக்குப் போய்ப் பசியாறலாம், தம்பி, எடு” என்போம். விடிகிற நேரம், மனித உடல் இயல்பாகவே உறக்கத்தைக் கேட்கும் நேரம். வண்டிக்குள் பத்துப்பேரும் பேசி ஓய்ந்து தூங்கிவிட்டார்கள். விழித்திருக்க வேண்டியவர் அவர் ஒருவரே.

மூன்று ஆண்டு பிரிந்திருந்த குடும்பம் இன்னும் ஒரு மணி நேரம் பிந்தி வீடு சேர்ந்தால் குறைந்துபோவது ஒன்றுமில்லை. ஓட்டுநருக்கு அங்கேயே பாய் விரித்துப் படுக்கச் சொல்லலாம். வழியில் பள்ளிவாசல் கண்ட இடத்தில் நிறுத்தி, ஃபஜ்ரு தொழுது, முகம் கழுவி, தேநீர் குடித்துப் புறப்படலாம். ஓட்டுநரின் பக்கத்து இருக்கையில் தூங்காமல் பேச்சுத்துணையாக இருக்க ஒரு மச்சானை நியமிக்கலாம். வேன் வாடகையில் நூறு ரூபாய் குறைக்கப் பேரம் பேசும் நாம், அவர் நேற்றிரவு உறங்கினாரா என்று மட்டும் கேட்பதில்லை.

இக்கேள்வியைக் கேட்கும் உரிமை ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. “மெதுவாய்ப் போ, மக்களே” என்று பின்னிருக்கையிலிருந்து ஒரு பெரியம்மா சொல்லும் சொல்லுக்கு, போக்குவரத்துக் காவலரின் விசிலைவிட வலிமை அதிகம். அதைக் கேட்டுச் சிரிக்கும் இளைஞர்களும் வேகத்தைக் குறைக்கத்தான் செய்கிறார்கள்.

ரமலானில் மாலை நேரத்துச் சாலையும் தனி அத்தியாயம். பாங்கு சொல்வதற்குள் வீடு சேர்ந்துவிட வேண்டுமென்று, நாவறண்டு தலைசுற்றும் நிலையில் வண்டியை விரட்டுகிறோம். அமீரகத்தில் இதைக் கண்டு, மாலையில் சாலைச் சந்திப்புகளில் போலீசாரும் தொண்டர்களும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் அடங்கிய பொட்டலங்களை வண்டி ஓட்டுவோருக்கு வழங்குகிறார்கள். வண்டிப் பெட்டியில் நான்கு பேரீச்சம்பழத்தையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் வைத்துவிட்டால், தாழையூத்திலேயே நோன்பு திறந்துவிட்டு நிதானமாக வீடு வரலாம். கஞ்சி ஆறிப்போகும், அவ்வளவுதான்.

பதினைந்து வயது மகனிடம் பைக் சாவியைக் கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் 199ஏ பிரிவு, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோரை அல்லது வண்டி உரிமையாளரையே குற்றவாளியாகக் கொள்கிறது: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டு ரத்து. கல்யாண வீட்டுக் காருக்கு முன்னும் பின்னும் ஹாரன் அடித்தபடி இரு தடங்களையும் அடைத்துச் செல்லும் பைக் ஊர்வலங்களில் இப்பிள்ளைகளே பாதிப்பேர். மாப்பிள்ளையின் மகிழ்ச்சிக்காகப் பின்னால் வரும் நோயாளி காத்திருக்க வேண்டும் என்பது எந்த ஊர் வழக்கம்?

விளக்கின் மொழி

நடுத்திட்டில் அரளிச் செடிகளை நட்டு வளர்த்திருப்பது அழகுக்காக மட்டுமன்று. எதிர்ப்பக்க வண்டிகளின் விளக்கொளி கண்ணில் பாயாமல் தடுக்கவும்தான். செடி பட்டுப்போன இடங்களில் அத்தடுப்பு இல்லை. எதிரே வண்டி வரும்போதும், முன்வண்டியை நெருங்கும்போதும் விளக்கைத் தாழ்த்துவது விதி. நம் விளக்கு உயர்ந்திருந்தால் முன்வண்டிக்காரரின் கண்ணாடியில் நம்மைத் தவிர வேறொன்றும் தெரியாது.

இண்டிகேட்டரின் நிலை இன்னும் வேடிக்கை. முன்னே செல்லும் லாரி வலப்புற விளக்கை மினுக்குகிறது. ‘நீ முந்திப் போ’ என்கிறதா, ‘நான் வலப்பக்கம் வருகிறேன்’ என்கிறதா? ஒரே சைகைக்கு நம் சாலைகளில் இரண்டு பொருளும் வழங்குகின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். நாற்சந்தியில் நேராகப் போவதற்கு நான்கு விளக்குகளையும் மினுக்கவிடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. அது, வண்டி பழுதாகி நிற்கிறது என்று சொல்வதற்கான விளக்கு. நேராகப் போவதற்கு எந்த விளக்கும் தேவையில்லை. சைகை என்பது பேச்சு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு மொழியில் பேசினால் உயிர்தான் விலை.

108 ஆம்புலன்சு நம் மாநிலத்தில் 2008இல் வந்தது. அவசர ஊர்திக்கு வழிவிடாதோருக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது 194இ பிரிவு. எப்படி வழிவிடுவது என்பதிலும் தெளிவு வேண்டும். சைரன் கேட்டதும் பதறி நடுச்சாலையில் நிறுத்துவது உதவியன்று. வலத்தடத்தில் இருப்பவர் சைகை காட்டி இடத்தடத்துக்கு இறங்க வேண்டும். எல்லா வண்டிகளும் நின்றுபோன நெரிசலில் ஜெர்மானியர் செய்வதுபோல் இரு தடத்து வண்டிகளும் தத்தம் ஓரத்தை ஒட்டி நின்றால், நடுவே ஒரு சந்து பிறக்கும். வல்லநாட்டு ஆற்றுப்பாலத்தில் ஒரு பக்கம் பழுதாகி, மறுபக்கத்திலேயே இருதிசை வண்டிகளையும் விட்ட நாட்களில், தூத்துக்குடிக்குப் போய்வந்தவர்கள் அந்தச் சந்தின் அருமையை அறிவார்கள்.

அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டு, போலீஸ் வழக்கு வருமே என்று அஞ்சி விலகிப் போகவேண்டிய காலம் போய்விட்டது. உதவுவோரைத் துன்புறுத்தக் கூடாதென 2016இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை ஏற்று உத்தரவிட்டது. 2019இல் 134ஏ என்ற பிரிவாகச் சட்டத்திலேயே அது இடம்பெற்றது. பெயர் சொல்லாமல்கூட உதவிவிட்டுப் போகலாம்.

இனி, லாரி ஓட்டுநர் எழுப்பிய சிக்கலுக்குத் திரும்புவோம். எதிர்த்திசையில் வரும் பைக்காரரை ஏசுவது எளிது. அவர் எதிர்த்திசையில் வராதிருக்க அவர் ஊருக்கு அருகே அணுகுசாலையோ சுரங்கப்பாதையோ இருக்கிறதா, இருப்பதில் மழைத்தண்ணீர் தேங்காமல் இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இயங்குகிறது. சாலையோர ஊர்களின் ஜமாஅத்துகள், கோயில் நிர்வாகத்தாரோடும் தேவாலயத்தாரோடும் கூடிக் கையெழுத்திட்டு, எந்த இடத்தில் திறப்பு வேண்டும், எங்கே விளக்கு எரியவில்லை என்பதை அக்குழுவுக்கு எழுதலாம். ஒரு சமூகத்தின் பெயரால் போகும் மனுவைவிட ஓர் ஊரின் பெயரால் போகும் மனுவுக்குப் பதில் விரைந்து கிடைக்கும்.

அதுவரைக்கும் ஒரு தொலைபேசி எண்: 1033. தேசிய நெடுஞ்சாலையில் விளக்கின்றி நிற்கும் லாரி, செத்துக் கிடக்கும் மாடு, சாலையில் விழுந்த மரம், பாலத்தில் விழுந்த குழி எதுவாயினும் இந்த எண்ணில் சொல்லலாம், கட்டணம் கிடையாது. பேசும்போது சாலையோரக் கல்லில் பொறித்திருக்கும் கிலோமீட்டர் எண்ணைப் படித்துச் சொன்னால், அவர்கள் இடத்தைத் தேடி அலையமாட்டார்கள். வண்டியை ஓட்டுபவர் பேசவேண்டாம்; பக்கத்து இருக்கையில் தூங்காமல் இருக்கும் மச்சான் பேசட்டும்.